பதினொரு மணிச் சொட்டு

இலஞ்சியத்தின் வலது கண்ணுக்கு
நுவரெலியா ஆஸ்பத்திரியில் வில்லை வைத்த வருஷம்
இரண்டு போத்தல் கொடுத்தார்கள்.
வெள்ளை மூடி முதலில்,
ஐந்து நிமிஷம் விட்டு ரோசா மூடி.
நாளைக்கு ஆறு வேளை, அடுத்த கிழமை ஐந்து,
பிறகு நாலு என்று
ஏணியில் இறங்குகிற மாதிரி ஆறு கிழமை.
துண்டில் மிஸ்ஸி சூரியனும் நிலாவும் வரைந்து தந்தார்.
நுவரெலியாவில் சூரியனை வரைய
ஒரு நம்பிக்கை வேண்டும்.

அடுப்பு வெக்கை எட்டாத இடத்தில் போத்தலை வை என்றார்கள்.
எங்கள் காம்பராவில் அப்படி இருப்பது
வாசற்படி ஒன்றுதான்.

ஸ்டோரின் வாட்டுமாடியில் முப்பது வருஷம்
கொழுந்தைத் தொட்டே ஈரம் சொன்ன விரல்,
ஒரு சொட்டுக்குத் தடுமாறியது.
முதலாவது கன்னத்தில்.
இரண்டாவது மூக்குத்தியில்.
"கண்ணு இங்கன இருக்கு" என்றாள்.

பதினெட்டாம் நாள் மலைக்குப் போய்விட்டாள்.
பேரு போகுதாம்.
பதினொரு மணிச் சொட்டை எடுத்துக்கொண்டு
நான் ஏழாம் நம்பர் மலை ஏறினேன்.
தேயிலைக்கு நடுவே கூடையோடு அண்ணாந்து நிற்பாள்.
கங்காணி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.
அடுத்த நிரையில் பெண்கள் சத்தமாகவே சொல்வார்கள்:
"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான்
பொஞ்சாதி மொகத்தப் பாக்குது மனுசன்!"

உண்மைதான்.
கீழிமையை இழுத்துப் பிடித்தபோதுதான் கண்டேன்
கருவிழியின் ஓரத்தில்
வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு புள்ளி.
ரோசா மூடிக்காகக் காத்திருந்த
அந்த ஐந்தைந்து நிமிஷங்களில்
பத்து வருஷமாகப் பேசாததைப் பேசித் தீர்த்தோம்.
அவளுக்கு என்மேல் இருந்த ஒரு பழைய கோபம்
ஒரு செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது,
மருந்தோடு சேர்ந்து வழிந்தது.

மழை பிடித்த நாலு நாள்
முழங்கால் மடங்கவில்லை. நான் ஏறவில்லை.
ஐந்தாம் நாள் கண் செம்பருத்தி.
வெளிச்சம் பட்டாலே கூசி அழுதாள்.
உள்ளே வைத்த வில்லையை
உடம்பு அந்நியன் என்று சீறுமாம்.
அந்தச் சீற்றத்தை ஆற்றத்தான் சொட்டாம்.
டாக்டர் இதைச் சொன்னபோது
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

இடது கண் இந்த வருஷம், கண்டியில்.
புது வில்லை. ஆராய்ச்சிக்கு என்றார்கள்.
தமிழில் அடித்த தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான்
கையெழுத்து வைத்தாள்.
மருந்து வில்லையின் விளிம்பிலேயே இருக்குமாம்,
நாளுக்கு இவ்வளவு என்று கசியுமாம்.
மழை விட்டு ஒரு மாசம் ஆன பின்னும்
எங்கள் பீலிக்கு மேலே பாறை சொட்டிக்கொண்டிருக்கும்,
அப்படியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
கிருமிக்கு மட்டும் ஒரு போத்தல், ஒரு கிழமைக்கு.
அதையும் அவளே ஊற்றிக்கொண்டாள்.
ஒரு கண் தெரிகிறதே.

சிவக்கவில்லை.
மூன்று தடவை விளக்கைப் பிடித்துப் பார்த்து
மூன்று தடவையும் "ஹொந்தய்" என்றார் டாக்டர் விக்ரமநாயக்க.
நல்லதுதான். யார் இல்லை என்றது?
ஏறி இறங்கத் தேவையில்லை,
மழையைப் பார்த்து பயப்படத் தேவையில்லை.
வாசற்படியில் இப்போது
என் செருப்பு மட்டும் கிடக்கிறது.

போனில் பதினொரு மணிக்கு வைத்த மணி
இன்னும் அடிக்கிறது.
நிறுத்தத் தெரியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
நேற்று அது அடித்ததும்
வெறுங்கையோடு ஏழாம் நம்பர் ஏறினேன்.
கூடையோடு திரும்பியவள்
பழக்கத்தில் அண்ணாந்தாள்,
கை வெறுமையாக இருப்பதைக் கண்டு
மெல்லத் தலையை இறக்கி
இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தாள், வெகுநேரம்.
"ஒங்க கண்ணுலயும் பொகை விழுந்திருக்கு."

எனக்கும் கண்டியில் நாள் எழுதியாயிற்று.
ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா ஐயா என்று
மிஸ்ஸி தாளை நீட்டினார்.
பழைய வில்லையே போதும் மிஸ்ஸி என்றேன்.
சொட்டு ஊத்த ஆள் இருக்கு.